பக்கத்து அறைக் காற்று

சன்னல் சாத்தியிருந்தது. மேலே மின்விசிறியும் ஓடவில்லை. ஆனாலும் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய துண்டின் நுனி பலகைத் தடுப்பின் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அக்கா அதைக் கையால் நேராக்கினாள். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் அறை. ஒரே கூடத்தை இரண்டாகத் தடுத்த வீடு. வெளியே போகும் வழியும் அவன் பக்கம்தான். அவளுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, தூசி ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், சன்னல் இடுக்குகளையெல்லாம் ஒட்டி அடைத்தவன் அவன். இன்று காலை தடுப்பில் சதுரமாக ஒரு துளை அறுத்தவனும் அவனே.

"உன் ரூம் குளுகுளுன்னு இருக்குக்கா. சும்மா வீணாத்தானே போகுது."

கேம் ஆடுகிற அவனுடைய கம்ப்யூட்டர் கொதித்துப்போய் நடு ஆட்டத்தில் அணைந்துவிடுகிறதாம். அதன் பெட்டியின் முகத்தைத் துளையோடு ஒட்டிவைத்து, முதுகில் ஃபேன்களை மாட்டினான். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, எதிரே மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பிடித்துப் பார்த்தான். கீற்று ஒட்டிக்கொண்டால் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது. விலகிப் பறந்தால் வெளியே தள்ளுகிறது.

"எல்லாத்தையும் வெளியே தள்ளுற மாதிரியே மாட்டிட்டியே, உள்ளே எப்படிடா வரும்?"

"தள்ளத் தள்ள தானா வரும். ஓட்டை எங்க இருக்கோ அங்கருந்து."

சூட்டை ஒரு குழாய் வழியாகத் தன் சன்னலுக்கு வெளியே விட்டிருந்தான்.

ஃபேன்களின் சத்தம் முதலில் தூரத்து மழைபோல இதமாகத்தான் இருந்தது. அதைக் கேட்டபடியே மதியத்தில் கண்ணயர்ந்தவள் விழித்தபோது அறையில் வாசனையே இல்லை. களிம்பின் காரம், போர்வையின் சோப்பு மணம், தலையணையில் படிந்திருந்த தன் கூந்தலின் மணம் என்று எல்லாவற்றையும் யாரோ வழித்து எடுத்துப் போய்விட்டதுபோல, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் உட்புறம்போல இருந்தது அறை. அவள் இருமினாள். பலகைக்கு அப்பால் ஃபேன்கள் சட்டென்று குரலை உயர்த்திவிட்டுத் தணிந்தன.

"அக்கா, இப்ப என்ன பண்ணுன?"

"இருமினேன். ஏன்?"

"கம்ப்யூட்டர் சூடு ரெண்டு டிகிரி குறைஞ்சுது." அவன் பலகையைத் தட்டினான். "இன்னொரு தடவை இருமு."

"உதை வாங்குவே."

சிரித்தாள். சிரிப்பு வெளியே போனது. அதன் பின்னால் உள்ளே வரவேண்டிய மூச்சு, வாசலில் நின்று யோசித்த விருந்தாளிபோலத் தாமதித்து வந்தது.

அவள் நீச்சல் ஆசிரியை. மூச்சு அவளுக்குப் பழகிய மிருகம். அடக்கிப் பார்த்தாள், ஃபேன்கள் சோம்பின. விட்டாள், விர்ரென்றன. மறுபடி அடக்கினாள். மறுபடி சோம்பின. எழுந்து தலையணையைத் துளையில் திணித்தாள். அது நடுவில் குழிந்து, உறிஞ்சப்பட்டு, இறுகியது. அந்தப் பக்கமிருந்து அவன் பெட்டியைச் சற்று நகர்த்தி அதைக் குத்தித் தள்ளினான்.

"விளையாடாத. எண்பதைத் தாண்டுது."

"குட்டி, எனக்கு மூச்சு முட்டுது. ஒரே ஒரு ஃபேனையாவது திருப்பி மாட்டுடா."

திருப்புளியின் கிறீச்சொலி கேட்டது. ஒரு திருகு, இன்னொரு திருகு என்று ஒவ்வொன்றாகக் கழல்வதை, அவை மேசைமேல் உருண்டு நிற்பதை, தாகத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்பவள்போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திருப்பிட்டியா?"

"புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன். இருக்கிறதுலயே பெருசு." அவன் குரலில் செல்லம் இருந்தது. "மூச்சடக்குறதுல நீ கில்லாடியாச்சே. ஒரு ஆட்டம் முடியட்டும்."

சுவிட்ச் விழுந்தது.

துண்டு கிடையாக எழுந்து நின்றது. அவள் கதவுக்கு ஓடினாள். அவன் பக்கமாகத் திறக்கும் கதவை, காற்று வற்றிய அறை தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. தள்ளினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். தவறு. வாயிலிருந்ததும் போனது. நெஞ்சிலிருந்ததும். தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். மெதுவாக. இன்னும் மெதுவாக.

கதவு திறந்தது. அவன் இழுத்ததும் சுலபமாகத் திறந்தது. காற்று குப்பென்று வந்து அவள் முகத்தில் மோதியது, முடியைக் கலைத்தது. வாய்க்குள் மட்டும் வரவில்லை.

அவன் குந்தி உட்கார்ந்தான். கையில் அந்தக் காகிதக் கீற்று. முகத்தில், ஃபேன்களைச் சோதித்தபோது இருந்த அதே கவனம். கீற்றை அவள் உதட்டுக்கு எதிரே பிடித்தான்.

அது விலகிப் பறந்தது. துளையின் திசையில், நேராக, விறைப்பாக. உள்ளே மடங்கவில்லை.

"நாப்பத்தி ஒண்ணு," என்றான், தன் திரையைத் திரும்பிப் பார்த்து. "நாப்பது."

அவள் கண்ணைத் தாழ்த்தித் தன் மார்பைப் பார்த்தாள். அது எப்போதோ தாழ்ந்து, எழாமல் நின்றுவிட்டிருந்தது. கீற்று தாழவில்லை.