நடுவில் இருக்கிற கடல்

ஜப்பான் மொழி படிப்பது என்று சுந்தரவல்லி முடிவு செய்தபோது அவளுக்குப் பத்து வயது. ஜப்பானில் அவளுக்கு யாரும் இல்லை. மந்தைவெளியில் அந்த மொழி தெரிந்தவரும் யாரும் இல்லை.

அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய டிரான்சிஸ்டரில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் என்னென்னவோ மொழிகள் வரும். பலவற்றில் யாரோ யாரையோ அதட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்றில் மட்டும் ஒரு பெண் மிக மெதுவாகப் பேசினாள். ஒரு வாக்கியம் சொல்லுவாள். ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லுவாள். பிறகு, கேட்பவர்கள் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

தனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று சுந்தரவல்லிக்குத் தோன்றியது. அப்போதே மொழி முடிவாகிவிட்டது.

தினமும் மாலை ஆறு மணிக்குப் பாடம். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் குரல் பெரிதாகும், மெல்லத் தேயும், நடுநடுவே 'ஷ்ஷ்ஷ்' என்று இரையும். ஜப்பான்காரர்கள் பேசுவதே அப்படித்தான் போலிருக்கிறது என்று சுந்தரவல்லி இரைச்சலையும் சேர்த்து மனப்பாடம் செய்தாள்.

"ஒயாசுமி... ஷ்ஷ்ஷ்... நசாய்..."

அண்ணன் பொன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏட்டி, அது ஜப்பான் இல்ல. ரேடியோ இரையுது."

சுந்தரவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து ரேடியோப் பெண் காத்திருக்கும்போது அவள் வாயே திறக்கவில்லை. பேசிப் பார்க்காமல் ஒரு மொழி எப்படி வரும்? ஆனால் பேசினால் அண்ணன் சிரிப்பானே!

ஒருநாள் பாடம் தொடங்கிய நேரத்தில் மாடியில் ஹனீஃபா வீறிட்டு அழுதான். மாடி வீட்டு அன்வரி பேகத்தின் ஐந்து மாதக் குழந்தை. பாடத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டலாம் என்று சுந்தரவல்லி கையை நீட்டினாள். கூட்டினால் பிள்ளை இன்னும் மிரளுமே என்று நினைத்து, ரேடியோவை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அன்வரி பேகம் கலைந்த தலையோடு குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். மேசையில் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

"குடுங்கக்கா, நான் வச்சிருக்கேன். நீங்க டீ குடிங்க."

வாங்கிய பிறகுதான் தனக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. தெரிந்ததெல்லாம் ஜப்பான் பாடம்தான். இங்கே சிரிக்க அண்ணன் இல்லை. ரேடியோவில் கேட்டபடியே, குரலைப் பெரிதாக்கி, தேயவிட்டு, இரைச்சலையும் விடாமல் சொன்னாள்.

ஹனீஃபா அழுகையை நிறுத்தி அவள் வாயையே பார்த்தான். ஏழாவது வாக்கியத்தில் கண்களை மூடிவிட்டான்.

"இன்னா பாட்டும்மா இது?" என்று அன்வரி பேகம் கிசுகிசுத்தாள்.

"ஜப்பான் மொழில குட்நைட் சொன்னேன்க்கா."

"அந்த ஷ்ஷ்ஷும் ஜப்பான்தானா?"

சுந்தரவல்லி கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லக்கா. அது நடுவுல இருக்கிற கடல்."

நாளைக்கு ரேடியோவை மேலேயே எடுத்துவரச் சொன்னாள் அன்வரி பேகம்.

மறுநாள் ஆறு மணிக்கு மாடி ஜன்னலில் ரேடியோ இருந்தது. சுந்தரவல்லியின் மடியில் ஹனீஃபா இருந்தான். ரேடியோப் பெண் ஒரு வாக்கியம் சொன்னாள், அர்த்தம் சொன்னாள், காத்திருந்தாள். சுந்தரவல்லி வாயைத் திறப்பதற்குள் ஹனீஃபா முந்திக்கொண்டான்.

"ங்ஙா... ஷ்ஷ்..."

சரியாகச் சொல்லிவிட்டான் என்பதுபோல், ஜப்பானிலிருந்த அந்தப் பெண் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.