ஆறு நாற்பதுக்கு நின்றுபோகும் அறிவு

பிழையே செய்யாத அறிவு ஒன்று இந்த மண்ணில் பிறந்துவிட்டது என்று ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்த அறிவு தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு நின்றுவிடும். காரணம் மண்ணூர் மஞ்சுளா என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது.

அந்த மஞ்சுளாதான் ஒரு வியாழக்கிழமை காலை, படப்பையில் 'டில்லி எலக்ட்ரிக்கல்ஸ் – கம்ப்யூட்டரும் பார்க்கப்படும்' என்ற போர்டுக்குக் கீழே வந்து நின்றாள். கடையின் முன்பாதியில் டில்லிபாபு மிக்ஸி, ஃபேன் பழுது பார்ப்பார். ஐம்பத்தெட்டு வயது. உலகத்தில் எது நின்றாலும் அதற்குப் பின்னால் ஒரு சதி இருக்கும் என்று நம்புகிறவர். பின்பாதி எழிலரசியுடையது. பெரிய கம்பெனி ஒன்றில் பத்து வருடம் புரோகிராம் எழுதிவிட்டு, மீட்டிங் தாங்க முடியாமல் வெளியே வந்தவள். அவளிடம் வருகிறவர்கள் கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கொண்டு வருவார்கள். மஞ்சுளா ஒரு மெமோவைக் கொண்டு வந்திருந்தாள்.

"நான் கம்ப்யூட்டர்ல போனைச் சொருகி சீரியல் பாத்துகினு இருந்தேனாம்க்கா. அதுல மெமரி ரொம்பி லைன் நின்னுடுதாம். மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு, இல்லன்னா நாசவேலைன்னு போட்டு அனுப்புவோம்ன்றாங்க. அப்டி ஒரு வார்த்தை போட்டுட்டா ஸ்ரீபெரும்புதூர்லேருந்து ஒரகடம் வரைக்கும் ஒரு கேட்டும் எனக்குத் தொறக்காது."

"எழுதிக் கொடுத்தியா?"

"செய்யாத வேலைக்கு இன்னாத்துக்கு எழுதணும்? பேனா அவங்களுது. கை என்னுது."

டில்லிபாபு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "எழிலு, இந்தக் கேஸை நாம எடுக்குறோம்."

இயந்திரம் என்ன செய்கிறது என்று எழிலரசி கேட்டுக்கொண்டாள். பிரேக் டிஸ்க் ஒவ்வொன்றாக வரும். எட்டு கேமராக்கள் எட்டுப் பக்கமிருந்து படம் எடுக்கும். புரோகிராமுக்குள் எட்டு வேலைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படத்தைப் பார்த்து, நல்லதா கழிவா என்று சொல்லுவார்கள். லைன் ஓடுவது இரண்டு ஷிப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஒன்று. இரண்டிலிருந்து இரவு பத்து வரை மஞ்சுளாவுடையது.

மெமோவின் இரண்டாவது பத்தியில் ஆதாரம் இருந்தது: "இம்மாதம் 9, 22 ஆகிய நாட்களில் இயந்திரம் நிற்கவில்லை. அவ்விரு நாட்களிலும் திருமதி மஞ்சுளா விடுப்பில் இருந்தார்."

"இது கொஞ்சம் இடிக்குதேம்மா" என்றார் டில்லிபாபு.

"லீவு நீயா போட்டியா?" என்றாள் எழிலரசி.

"நான் எங்கக்கா போட்டேன்? அந்த ரெண்டு நாளும் கஸ்டமர் ஆடிட். வெளியாளு வந்து கேள்வி கேட்டா உண்மைய சொல்றவளுங்களை மொத நாளே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. 'மஞ்சுளா, நாளைக்கு உனக்கு லீவு'ன்னு சூப்பர்வைசரே சொல்லிடுவாரு. வாய் நீளமா இருந்தா வருசத்துக்கு எட்டு நாள் லீவு தானா வரும்."

"நீ இருந்தும் நிக்காத நாள் உண்டா?"

மஞ்சுளா யோசித்தாள். "ஒரே ஒரு நாள். பதினாலாந்தேதி. பத்து மணி வரைக்கும் ஜம்முனு ஓடிச்சு. அது மட்டும் மெமோல இல்ல பாருங்க."

மெமோவின் கடைசி வரியில், விசாரணைக்குத் தன் தரப்பில் உதவியாளர்களை அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது. ஏதோ பழைய படிவத்திலிருந்து காப்பி அடித்த வரி. அதை எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். எழிலரசி படித்தாள்.

மறுநாள் மதியம் மூவரும் தொழிற்சாலைக்குள் போனார்கள். டிஜிட்டல் மாற்றத்தின் முதன்மைத் தலைவர் பெருமாள்சாமி அவர்களைத் தம் அறை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். குற்றம் சாட்டியவரும் அவரே. நான்கு மணிக்கு விசாரிக்கப்போகிறவரும் அவரே.

"பேரலல் ப்ராசஸிங்னா என்னன்னு தெரியுமா? எட்டு த்ரெட், அதாவது எட்டு வேலைக்காரங்க, ஒரே நேரத்துல. இது உங்க மிக்ஸி இல்ல."

"மிக்ஸி ஆறு நாப்பதுக்கு நிக்காது சார்" என்றார் டில்லிபாபு.

"காலைல ஒன்பதுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் நான் இந்த ரூம்ல உட்கார்ந்து ஒவ்வொரு டிஸ்க்கையும் என் கண்ணால பார்க்கறேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது." கதவு மூடிக்கொண்டது.

மூடிய கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. எழிலரசி நிதானமாகப் படித்தாள். "14-ஆம் தேதி இரவு முழுவதும் இவ்வறையின் ஏசியும் டிவியும் ஓடியது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. தலைவர் வெளியேறியவுடன் அனைத்தும் அணைக்கப்பட வேண்டும்."

"இந்த சுவிட்சு யாரு பொறுப்பு?" என்றாள்.

"யாக்கோபண்ணன்" என்றாள் மஞ்சுளா. "இந்த ஆபீஸ் பையனே அவருதான், வயசு அம்பத்து மூணு. அன்னிக்கு அவரு பொண்ணுக்கு நிச்சயம். அவரு இல்ல."

புரோகிராமைப் பராமரிக்கும் இன்ஜினியர் திருமலை கேமரா அறையில் இருந்தான். நான்கு மாதமாகத் தூங்காதவன் போல இருந்தான். திரையில் மெமரியின் கோட்டைக் காட்டினான். காலை ஆறு மணியிலிருந்து ஏறிக்கொண்டே போன கோடு, ஒன்பது மணிக்குச் சடாரென்று தரைக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு தட்டையாகப் படுத்திருந்தது.

"தலைவரு வர்றதைப் பாத்து பயந்து எறங்கிடுச்சு" என்று டில்லிபாபு சிரித்தார். எழிலரசி சிரிக்கவில்லை. அவரை ஒரு நிமிடம் மரியாதையோடு பார்த்தாள்.

"எட்டு த்ரெட்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்குதுன்னு நினைச்சேன் மேடம்" என்றான் திருமலை. "போன வாரம் சாயங்காலம் ஏழு த்ரெட்டை நிறுத்திட்டு ஒண்ணை மட்டும் ஓடவிட்டேன். அப்பவும் ஏறுச்சு. ஆனா எட்டுல ஒரு பங்கு வேகம்."

"போன் சொருகினதா எங்கயாவது பதிவாகி இருக்கா?"

"இல்ல மேடம்." குரல் இறங்கியது. "யாரும் என்னைக் கேக்கல."

நான்கு மணிக்கு 'எவரெஸ்ட்' என்று பெயரிட்ட மீட்டிங் அறையில் எல்லோரும் கூடினார்கள். பெருமாள்சாமி மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கடிதம் டைப் செய்யப்பட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தயாராக இருந்தது. மஞ்சுளா அதைத் திருப்பி வைத்து, அதன் மேல் தன் டிபன் பாக்ஸை வைத்தாள்.

"படம் ஒவ்வொண்ணும் கேன்டீன் தட்டு மாதிரி" என்று எழிலரசி ஆரம்பித்தாள். "வேலை முடிஞ்சா தட்டு கழுவுற இடத்துக்குத் திரும்பணும். திரும்பலைன்னா கொஞ்ச நேரத்துல தட்டே இருக்காது. எட்டு பேர் ஓடினாலும் திரும்பல, ஒருத்தர் ஓடினாலும் திரும்பல. அப்போ எட்டு பேருக்குள்ள சண்டை இல்ல. வேலை முடிச்சப்புறம் தட்டை வேற யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க. திருமலை, எட்டு பேரும் பார்த்து முடிச்ச படத்தை அழிக்க வேற யாரோட சம்மதம் வேணும்?"

திருமலை மேசையைப் பார்த்தான். "சாரோட ரூம் டிவி. அது 'காட்டிட்டேன்'னு சொன்னாத்தான் படம் அழியும். சார் பார்க்காம எதையும் அழிக்கக் கூடாதுன்னு சாரோட ஆர்டர்."

"அது தரக் கட்டுப்பாடு!" என்றார் பெருமாள்சாமி.

"டிவி ஓடினா தட்டு திரும்புது. அணைஞ்சா குவியுது. காலைல ஆறு மணிக்கு லைன் ஆரம்பிக்குது. டிவி ஒன்பது மணிக்குத்தான் வருது. அந்த மூணு மணி நேரக் குவியல் ஒன்பதுக்குக் காலியாயிடுது. கோடு ஏறுற வேகத்தைப் பார்த்தா முழுசா நிரம்ப மூணு மணி நாற்பது நிமிஷம் வேணும், அதனால காலை ஷிப்ட் தப்பிச்சுது. இப்போ சாயங்காலம். ஆறு நாற்பதுக்கு நிக்குதுன்னா குவியல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சிருக்கும்?"

டில்லிபாபு விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "மூணு! டான்னு மூணு மணி! அப்போ பத்து மணி வரைக்கும் கண்ணால பாத்தது யாரு?"

"பதினாலாந்தேதி யாக்கோபண்ணன் இல்ல, டிவியை அணைக்க ஆள் இல்ல, லைன் நிக்கல. ஆடிட் நாள்ல விருந்தாளிங்களுக்காக சார் பத்து மணி வரைக்கும் இருந்தாருன்னு திருமலை சொல்றாரு, லைன் நிக்கல. அதே ஆடிட்டுக்காகத்தான் மஞ்சுளாவை வூட்டுக்கு அனுப்பினீங்க. அவ இல்லாததால மிஷின் ஓடிச்சுன்னு இல்ல. நீங்க இருந்ததால ஓடிச்சு."

எழிலரசி யாக்கோபை அனுப்பி டிவியை அணைக்கச் சொன்னாள். திருமலை சுவரில் ஒளிரவிட்ட மெமரிக் கோடு மெல்ல ஏற ஆரம்பித்தது. மறுபடி போடச் சொன்னாள். இறங்கியது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்றாவது முறை கோட்டைப் பார்த்து மஞ்சுளாவே கை தட்டினாள்.

பெருமாள்சாமி எழுந்தார். "டிவி அணைஞ்சிருக்கலாம். அதனால நான் பார்க்கலைன்னு ஆயிடுமா? ஏழு மாசமா ஒவ்வொரு டிஸ்க்கும் எனக்கு மனப்பாடம். இந்தப் பொண்ணு கையெழுத்துப் போடாம இங்கேருந்து வெளிய போகாது."

"நான் ஏன் சார் வெளிய போணும்? எனக்கு ஷிப்ட் கீது" என்றாள் மஞ்சுளா. "நீங்க பாத்தது நெசம்னா வாங்க, உங்க ரூமுக்குப் போவோம். ஒரு டிஸ்க்கு நம்பரைப் படிச்சுக் காட்டுங்க. நானே கையெழுத்துப் போடுறேன்."

"மஞ்சு, வேணாம்" என்றார் டில்லிபாபு மெதுவாக.

"இருங்கண்ணா."

எல்லோரும் அந்த அறைக்குப் போனார்கள். பெருமாள்சாமி முதல்முறையாக டிவிக்கு நேர் எதிரே நின்றார். டிஸ்க்குகள் வரிசையாக வந்து போயின. அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தார். எண்ணைப் படிக்கவில்லை.

மஞ்சுளா மெமோவை அவர் மேசையில் வைத்தாள். "ரத்துன்னு எழுதி, தேதி போட்டுக் குடுங்க சார். வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். மஞ்சுளா அதை இரண்டு முறை படித்து, மடித்து, லைனுக்குப் போனாள். அன்று ஆறு நாற்பதுக்கு எதுவும் நிற்கவில்லை.

"யாக்கோபு" என்றார் பெருமாள்சாமி, எல்லோரும் போன பிறகு. "இது எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"மாட்டின நாள்லேருந்து அப்டித்தான் சார் கீது. நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு வுட்டுட்டேன்."

டிவி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.