மேற்கே வெட்டிய வாரி

மாடு பூட்டி, வடத்தில் கட்டிய சால் என்னும் பெரிய வாளியால் கிணற்று நீர் இறைப்பது கவலை. அப்படி இறைக்கும்போது மாடு இறங்கிப் போகும் சரிவை அந்தப் பக்கத்தில் வாரி என்பார்கள். கிணற்றுக்குக் கிழக்கே, புளியமர நிழலில், அருமையான வாரி ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு மேற்கே, வெட்டவெளியில், இன்னொன்றை எதற்கு வெட்டினார்கள்? அமீர் ஹம்சாவுக்குப் பிடிபடவே இல்லை.

"நெழல விட்டுப்போட்டு வெயில்ல மாடு ஓட்டறதுக்கு என்னங்க வேண்டுதல்?" என்றான்.

மோட்டார் பம்பு பூட்டும் சந்தியாகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கிணற்று விவகாரம் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, கோயமுத்தூரில் அவருடைய பட்டறைக்குக் காலையில் பழனாத்தாள் வந்திருந்தாள். அவள் பேச்சே அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டு வருசமாச்சுங்க. எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கறாரா இல்லையான்னு மட்டும் சொல்லிப்போடுங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் அவருக்குச் சோறு படைக்கறதா வேண்டாமான்னு தெரியாம நிக்கறனுங்க. குடிக்கவே தண்ணி பத்தாத சித்திரைங்க அது. நான் பொறந்த ஊட்டுக்குப் போயிருந்தேன்."

அவள் கணவன் செங்கோடன், 1929-இல், அவிநாசிக்குத் தெற்கே இந்தத் தோட்டத்தில் வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தவன், பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டானாம். போலீசில் அப்படி எழுதிக் கொடுத்தவன் தம்பி பாலுசாமி. இப்போது அவனும் பழனாத்தாளும் கிணற்றடியில்தான் நின்றார்கள்.

"அன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்றார் சந்தியாகு.

"எத்தன தடவைங்க சொல்றது? நான் வந்தப்ப அண்ணனக் காணோம். மாடு ரெண்டும் வாரிக்கு அடியில நின்னுது. சால் கெணத்துக்குள்ள கெடந்துது. மாட்ட அவுத்துக் கட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தனுங்க."

சந்தியாகு ஒரு செம்பில் சணல் நூலைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். நுனியைக் கூட்டாளியிடம் நீட்டினார்.

"ஹம்சா, நீதான் மாடு."

"எந்த மாடுங்க? எடத்து மாடா, வலத்து மாடா?"

"ரெண்டும். எறங்கி நட."

ஹம்சா வாரியில் இறங்க இறங்கச் செம்பு ஏறி வந்தது. அவன் அடிக்குப் போனபோது அது கிணற்று வாயைத் தொட்டது.

"மாடு கீழ போனா சால் மேல வரும். மாடு மேல வந்தா சால் தண்ணிக்குப் போகும். ரெண்டும் ஒரே நேரத்துல கீழ கெடக்கணும்னா?"

ஹம்சா நூலைப் பார்த்தான். "வடம் அறுந்திருக்கணுங்க. இல்ல, இவரு சொல்றது பொய்."

"பொய்யா இருந்தா, கவலை ஓட்டிப் பழகுனவரு மாட்ட மேல நிறுத்தியிருப்பாரு. இது கண்ணுல பாத்தது, வாய்ல வந்துபோச்சு." அவர் பாலுசாமி பக்கம் திரும்பினார். "வடம் அறுந்தத யாரும் மறைக்க மாட்டாங்க. நீங்க மறைச்சீங்க. வத்துன கெணத்துல வயலுக்கு எறைக்கத் தண்ணி ஏது? சேறெடுக்க உங்கண்ணன் எறங்கியிருக்காரு. சால்ல கால வெச்சு மேல ஏறி வர்றப்ப வடம் அறுந்து விழுந்திருக்காரு. மாடு ஓட்டுனது நீங்க."

பாலுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். நங்கையா என்று அழைக்கும் அண்ணியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"வடம் நைஞ்சுபோச்சுன்னு அண்ணன் சொன்னாருங்க, நங்கையா. இன்னும் ஒரு நாளைக்குத் தாங்கும்னு நாந்தான் சொன்னேன். ரெண்டு நாளைக்கு முன்னாலதான் பாகப்பிரிவினைச் சண்டைல வெட்டிப்போடுவேன்னு கத்தியிருந்தேன். ஊரே கேட்டுது. அப்புறம் நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

"அவர எங்க வெச்சீங்க?" என்றாள் பழனாத்தாள்.

சந்தியாகுதான் சொன்னார்:

"கெழக்கு வாரிக்கு அடியிலங்க, அம்மணி. அண்ணன் மேல மாடு நடக்க விட மனசு வராமத்தான் இவரு மேக்கே வேற வாரி வெட்டியிருக்காரு. உங்க ஊட்டுக்காரரு கொழும்புக்குப் போகலீங்க. அன்னிக்கே எறந்துட்டாரு."