இரண்டாவது துண்டு

அவள் நனைத்துப் போட்டது ஒரே ஒரு துண்டைத்தான். சுத்தம் செய்ய வருகிற பெண் குளியலறையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்ததோ இரண்டு.

"ஏன்க்கா, ஒரே ஆளுன்னுதானே சொன்னீங்க? ரெண்டு துண்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. மனுஷன் குளிச்சாரா, இல்ல கடலையே தூக்கிட்டு வந்தாரா?"

"ஒரே ஆளுதான். ரெண்டையும் எடுத்துத் துடைச்சிருப்பாரு. நீ வேலையைப் பாரு," என்றாள் சாவிக்காரம்மா. உண்மையில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அவள் கற்பனையில் பிறந்தவன் அவன்.

ஏழாம் மாடியில் எதிரெதிரே இருந்த இரண்டு வீடுகளும் அவளுடையவை. கடலைப் பார்த்த பெரிய வீட்டில் அவளும் கணவரும் இருபது வருஷம் குடியிருந்தார்கள். அவர் போன பிறகு அந்தக் கட்டிலில் தனியாகப் படுக்க மனம் வரவில்லை. எதிரே, சந்துப் பக்கம் பார்த்த சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டு, பெரிய வீட்டை இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகிற விருந்தாளிகளுக்கு விட ஆரம்பித்தாள். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து குலுங்கியதால் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் சாவிக்காரம்மா ஆனாள். வாடகை வந்தது, உண்மைதான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது சத்தம். எதிர்க்கதவுக்கு அப்பால் ஒரு குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பதும், புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டுச் சிரிப்பதும் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

விருந்தாளி வருமுன் விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துச் செருகுவாள். துண்டைச் சதுரமாக மடித்துக் கட்டிலின் நடுவில் வைப்பாள். அதன்மேல் ஒரு சிப்பி, பக்கத்தில் தன் கையால் எழுதிய அட்டை. 'உங்கள் வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள்.'

மழைக்காலம் வந்தது. ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஆள் வராத வீட்டை, விருந்தாளிகள் பதிவு செய்கிற வாடகை ஆப் தன் பட்டியலில் கீழே தள்ளும். கீழே போனதை யாரும் தேடிப் பார்க்கமாட்டார்கள், அதனால் இன்னும் ஆள் வராது. வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்தாள்.

"இந்த சீசனும் காலியாப் போச்சுன்னா ரெண்டையும் வித்துடலாம்மா. நீ இங்க வந்து எங்களோட இரு. தனியா கிடந்து என்ன பண்ணப் போறே?"

மகள் பாசமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவள் கண்முன் வந்தது வேறு. மாப்பிள்ளை வீட்டில் ஒரு மூலை அறை. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுகொண்டு, சாகும்வரை விருந்தாளியாக. முடியாது. சொந்த வீட்டை விட்டுப் போகிற பேச்சுக்கே இடமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அலமாரியில் கிடந்த பழைய போனில் ஒரு புதுக் கணக்குத் தொடங்கி, 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்து, தன் வீட்டைத் தானே இரண்டு நாளுக்குப் பதிவு செய்தாள். 'தனியாக இருக்கிறேன். கொஞ்ச நாள் தங்கலாமா?' என்று அவனாக எழுதினாள். 'தாராளமாக. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள்' என்று அவளாகப் பதில் போட்டாள். எழுதிவிட்டுச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோடோ பேசியது போல இருந்தது.

சுத்தம் செய்கிற பெண்ணின் வாய்க்குப் பூட்டே கிடையாது. விஷயம் தெரிந்தால் கட்டடம் முழுக்கச் சிரிக்கும். அதனால் படுக்கையைக் கலைத்து, ஒரு துண்டை நனைத்து, அரைக் கோப்பை தேநீர் குடித்து மீதியை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அந்த ஒரு துண்டுதான் இரண்டாகியிருந்தது.

வயசாச்சு, மறந்திருப்பேன் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மறுபடி அவனைப் பதிவு செய்தாள். காலையில் படுக்கையைக் கலைக்கப் போனபோது, ஈரமண் வாடையும், மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற வெதுவெதுப்பும், நேற்று அவள் இழுத்துவிட்ட திரைச்சீலை ஒருபுறமாக ஒதுங்கியிருக்க அந்த இடைவெளி வழியே தரையில் விழுந்த சாம்பல் நிற வெளிச்சமும், எல்லாமாகச் சேர்ந்து அவளை வாசற்படியிலேயே நிறுத்தின. படுக்கை ஏற்கெனவே கலைந்திருந்தது. மெத்தையில் ஒரு பள்ளம்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவராக இருக்கக்கூடாதா என்று ஏங்கினாள். வெட்கத்தை விட்டு ஏங்கினாள். கணவர் படுத்த பக்கம்தான் பள்ளமும் இருந்தது. ஆனால் அவர் குள்ளமான மனிதர். இந்தப் பள்ளம் தலைமாட்டில் தொடங்கிக் கால்மாட்டு விளிம்பு வரைக்கும் போய், அங்கே முடியாமல், விரிப்பை இழுத்துக்கொண்டு கீழே மடங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை.

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, பதிவும் செய்யவில்லை. சுத்தம் செய்கிற பெண்ணையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சின்ன வீட்டில் உட்கார்ந்து, எதிர்க்கதவுக்கு அப்பால் யாரோ நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தத்துக்காக எவ்வளவு ஏங்கியிருந்தாள்! இப்போது காதைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மகளின் போன். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அம்மா! இப்பதான் பார்த்தேன். வருஷம் முழுக்க ஃபுல்லா? ஒரு நாள்கூடக் காலி இல்லையே! கெட்டிக்காரிம்மா நீ. சரி சரி, விக்கிற பேச்சே வேண்டாம். அந்த விமர்சனம்தான் ஒரு மாதிரி இருக்கு. யாரும்மா அந்த ஆளு?"

ஆப்பைத் திறந்தாள். நாள்காட்டியில் எல்லாக் கட்டங்களும் கறுத்திருந்தன. கீழே வழிப்போக்கன் எழுதியிருந்தான்.

'வீடு அருமை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் போகவர வசதி. ஒரே குறை, வீட்டுக்கார அம்மா என் படுக்கையைக் கலைத்து, என் துண்டை நனைத்து, என் கோப்பையில் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். இப்போது வருவதே இல்லை. பாவம், அவரும் தனியாக இருக்கிறார்.'

பழைய போனைத் தேடி எடுத்தாள். அது எப்போதோ சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. உதவி மையத்துக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கணக்கை மூடிடுங்க தம்பி. அது... தெரியாம நடந்துடுச்சு."

"மன்னிக்கணும் மேடம். அந்த விருந்தினர் இப்போ உங்க வீட்டுலதான் தங்கியிருக்காருன்னு காட்டுது. தங்கியிருக்கும்போது மூட முடியாது."

"எப்பக் கிளம்புறாரு?"

"தேதி போடலை மேடம். நீங்கதானே எழுதியிருக்கீங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்கன்னு."

மணி நாலு. மழை பிடித்துக்கொண்டது. வானம் இருண்டு, மாடி நடைபாதை விளக்கு தானாக எரிந்தது. பயத்தைவிடக் கோபம்தான் அவளை எழுப்பியது. இது அவள் வீடு. இதற்காக மகளிடம் மறைத்திருக்கிறாள், ஊரை ஏமாற்றியிருக்கிறாள். சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் கதவைப் பூட்டிவிட்டு, எதிர்க்கதவைத் திறந்தாள்.

"கிளம்புங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "தயவு செஞ்சு கிளம்பிடுங்க. இது என் வீடு."

விளக்கைப் போட்டாள்.

படுக்கையில் பள்ளம் இல்லை. விரிப்பும் இல்லை, வெறும் மெத்தை. கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. குளியலறை உலர்ந்து கிடந்தது, துண்டுகளைக் காணோம். வாசல் பெட்டியில் இருக்க வேண்டிய விருந்தாளிச் சாவி மேசைமேல் இருந்தது. காலி செய்து போகிறவர்கள் வைக்கிற அதே இடத்தில்.

போய்விட்டான்.

சுவரில் சாய்ந்து அழுதாள். நிம்மதிதான். நிம்மதியில் ஒரு துளி ஏமாற்றமும் இருந்தது, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். நடைபாதையைக் கடந்தாள். தன் வாசல் மிதியடி காலுக்குச் சில்லென்றிருந்தது. மழைச் சாரல் என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஈரமண் வாடை.

படுக்கையறை விளக்கு எரிந்தது. அவள் போட்டுவிட்டுப் போகவில்லை.

கட்டிலில் பெரிய வீட்டு விரிப்பு. நான்கு மூலைகளும் இழுத்துச் செருகியிருந்தன. நடுவில் துண்டு, சதுரமாக. துண்டின்மேல் ஒரு சிப்பி. சிப்பியிலிருந்து தண்ணீர் கசிந்தது.

பக்கத்தில் ஓர் அட்டை. அவள் கையெழுத்து இல்லை. மை இன்னும் காயவில்லை.

'உங்கள் வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள்.'

இவ்வளவு நேரமும் மழை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் குளியலறையில், யாரோ குழாயை மூடினார்கள்.