பாதியில் விட்ட வேலை

இடியேறன் இதுவரை தொண்ணூற்றொன்பது பேரை வெட்டிச் சாய்த்திருந்தான். பாட்டில்தான். அசலில் நான்கு பேர், தெற்கு எல்லைச் சண்டையில். மீதித் தொண்ணூற்றைந்தையும் பாணர் வடுகனார் சேர்த்துக்கொண்டார். வெறும் நான்கு என்றால் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும். ஊரார் போட்ட சோற்றுக்கு அது மரியாதையாக இருக்காது.

நூறாவது ஆளுக்கான பாட்டைப் புறப்படுவதற்கு முந்தின நாளே எழுதி முடித்துவிட்டார். மலையேறும்போது மூச்சு வாங்கும், எழுத வராது. 'குகைவாயில் காவலன் ஒருவன், தலை உருண்டது கண்டீர்' என்று முடியும். அவர் பாட்டில் சாகிற எல்லோருக்கும் ஒருவன் என்றுதான் பெயர். எந்தத் தாளத்திலும் அடக்கமாக உட்காரும் சொல்.

காரியம் இதுதான். கீழ்ப்பாழியின் மழைமுரசை மூன்று வருஷத்துக்கு முன் ஊசிமலைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை அடித்தால்தான் அந்த ஊரில் மழை. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. பிறகு ஆட்டுக்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆவணிக்குள் முரசு வராவிட்டால் ஊரைக் காலிசெய்துவிட வேண்டியதுதான் என்று முடிவாகியிருந்தது.

முரசை மீட்கக் கிளம்பிய இடியேறனுக்கும் பாணருக்கும் வழிகாட்ட உப்புக்காரி வெள்ளச்சி வந்தாள். அவள் உப்புப் படாத சட்டி அந்த மலையில் கிடையாது.

முதல் நாள், பூசணிக்காய் அளவு அட்டை ஒன்று இடியேறன் தொடையைப் பிடித்தது. வெள்ளச்சி ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள். அது தும்மிவிட்டு இறங்கிப் போயிற்று. இரண்டாம் நாள் மேல்நோக்கி ஓடும் ஆறு. பரிசலில் உட்கார்ந்தபடியே பாதி மலை ஏறிவிட்டார்கள். மூன்றாம் நாள் கணவாய்க் காற்று பாணரின் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. போட்டுப் பார்த்து அளவு சரியில்லை போலும், சற்று நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் நாள் காலையில், முரசு இருந்த குகையின் வாயில். காவலுக்கு ஒரே ஆள், வயது ஐம்பதிருக்கும். வலிக்கிற முழங்காலை நீட்டிக்கொண்டு கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். வேல் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அதன் முனையில் ஒரு வெங்காயம்.

இடியேறன் வாளை உருவினான். பாணர் தொண்டையைச் செருமினார்.

"முரசுக்குங்களா?" என்றான் காவலன். "இருங்க, கை கழுவிட்டு வந்தர்றேன். உளி கொண்டாந்திருக்கறீங்களா?"

"உளி எதுக்கு? வாள் இருக்கு."

"வாளு அப்புறம். மொதல்ல கல்லு. எங்க மலையில, கொன்னவந்தான் செத்தவனுக்கு நடுகல்லு கொத்தோணும். கொன்னுட்டு அப்புறமாக் கொத்தறேன்னவனெல்லாம் ஓடிப்போயிட்டான். அதனால கல்லு முன்னாடி, சண்டை பின்னாடி. நீங்க எனக்குக் கொத்துங்க, நான் உங்களுக்குக் கொத்தறேன்."

பாணர் வெள்ளச்சியிடம் திரும்பினார். "இத ஏன் நீ சொல்லவே இல்ல?"

"என்னப் பேச விட்டீங்களாய்யா? அடிவாரத்துலருந்து பாடிக்கிட்டேல்ல வர்றீங்க."

கல்லில் மூன்று விஷயம் வேண்டும்: பெயர், அழப்போகிறவர், பாதியில் விட்ட வேலை. பாணர் காவிக்கட்டியால் எழுத, காவலன் கொடுத்த உளியால் இடியேறன் கொத்த வேண்டும் என்று ஏற்பாடு. எதிர்ப்பக்கம் சகல வேலையும் காவலனே.

"பேருக்கு ஒருவன்னு போட்டுரலாமா?" என்றார் பாணர்.

"அதெப்பிடிங்க? எம்பேரு சென்னான்."

"அழ யாரு?"

"பொஞ்சாதி. ரெண்டு புள்ளைங்க. மூத்தவ சத்தம் போட்டு அழுவா. சின்னவ அழமாட்டா, மூணு நாளைக்குச் சோறு திங்கமாட்டா. அப்புறம் எங்க செவலை ஆடு. அதையும் போட்டுருங்க, உட்டா கோவிச்சுக்கும்."

'சென்' என்று கொத்துவதற்குள் இடியேறன் கட்டைவிரலில் மூன்று முறை அடித்துக்கொண்டான். பார்க்கப் பொறுக்காமல் சென்னானே நொண்டிக்கொண்டு வந்து விரலுக்குத் துணி சுற்றினான். மத்தியானம் எல்லோருக்கும் கூழ் ஊற்றினான். செவலை ஆடு வந்து கல்லை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

"பாதியில விட்ட வேலை?" என்றார் பாணர்.

"கெணறுங்க. குகைக்குப் பின்னால. முப்பது முழம் ஆச்சு, இன்னும் பத்து முழம் பாறை. உங்க முரசை மூணு வருசமா அடிக்கறோம், ஒரு சொட்டு விழுந்ததில்ல. உங்க ஊரு மேகத்துக்குத்தான் அது பழக்கமாட்டம் இருக்குது. திருப்பிக் குடுக்கலாம்னா ரோசம் உடமாட்டீங்குது."

"சரி, கிணறுன்னு எழுதிக்கிறேன்."

"எழுதினா மட்டும் ஆகாதுங்க. செத்தவன் உட்ட வேலையக் கொன்னவந்தான் முடிக்கோணும்."

இடியேறன் உளியைக் கீழே வைத்தான். வெட்டுவதற்கு ஒரு நொடி. அதற்கப்புறம் பத்து முழம் பாறை. இந்தக் கணக்கு எந்தப் பாட்டிலும் வந்ததில்லை.

"என் கல்லுல என்ன போட்டிருக்கீங்க?" என்றான். மரியாதை தானாக வந்திருந்தது.

வெள்ளச்சியிடம் கேட்டுக் கொத்தியிருந்ததைச் சென்னான் வாய்விட்டுப் படித்தான். "இடியேறன். அழறவங்க, அம்மா. பாதியில உட்ட வேலை, முரசைக் கீழ்ப்பாழிக்குக் கொண்டுபோயி அடிக்கறது." கடைசி வரியை மறுபடி படித்தான். "ஏனுங்க, அப்ப உங்களைக் கொன்னா, இந்த மொழங்கால வெச்சுக்கிட்டு நானா அதைச் சொமந்துட்டு எறங்கோணும்?"

"உங்க வழக்கம்தானே."

வெள்ளச்சி உப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டாள். "யார் செத்தாலும் முரசு கீழ போவுது. யார் செத்தாலும் கெணறு முடியுது. நடுவுல அந்த வெட்டு எதுக்கு?"

"பாட்டுக்கு" என்றார் பாணர்.

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சென்னான் கூழ் ஊற்றிக் கொடுத்த கலயம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பாணர் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

பதினோரு நாள் வெட்டினார்கள். பாணர் மண் கூடை இழுத்ததில் யாழ் மீட்டும் விரலெல்லாம் கொப்புளம். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் பீறிட்ட வேகத்தில் உள்ளே நின்ற இடியேறனும் அதோடு மேலே வந்து ஆலமரத்தில் மாட்டிக்கொண்டான்.

முரசைத் தண்டில் கட்டி, முன்னால் இடியேறனும் பின்னால் சென்னானும் தூக்கி வந்தார்கள். கீழ்ப்பாழியில் முதல் அடி விழுந்ததும் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது அடிக்கு ஏரி நிறையத் தொடங்கியது. ஊர் குலவையிட்டது. மண்டபத்தில் ஒதுங்கிய கூட்டம் பாட்டுக் கேட்டது.

பாணர் பாடினார். சென்னான் வந்தான், முழங்கால் வந்தது, இரண்டு மகள்கள் வந்தார்கள், கிணறு வந்தது. செவலை ஆட்டிடம் தாளம் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவர் திருத்தவில்லை.

"எல்லாம் சரிதான்யா" என்றார் பின்வரிசையில் ஒருத்தர். "தலை எப்ப உருளும்?"

"உருளாது. முன்வரிசையில உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருக்கு."

கூட்டம் எட்டிப் பார்த்தது. சென்னான் முறுக்கோடு கும்பிட்டான்.

மறுநாள் காலைத் தூறலில் ஏரிக்கரைப் பக்கம் உளிச்சத்தம் கேட்டது. பாணர் போய்ப் பார்த்தார். நான்கு கற்களை வரிசையாகச் சாய்த்துவைத்து ஒவ்வொன்றாகச் சமன்செய்துகொண்டிருந்தான் இடியேறன்.

"தெற்கு எல்லையில நான் வெட்டின அந்த நாலு பேரு பேரு என்ன பாணரே? பாட்டு உங்ககிட்டதானே இருக்கு."

பாணர் தன் பாட்டையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தார். ஒருவன். ஒருவன். ஒருவன். ஒருவன்.

"தெரியல தம்பி."

"எனக்கும் தெரியல." இடியேறன் உளியைத் துடைத்து இடுப்பில் செருகினான். வாள் வீட்டிலேயே கிடந்தது. "அப்பக் கிளம்புங்க. எல்லை தாண்டிப் போய் அவங்க ஊர்லயே கேப்போம். என்ன வேலையப் பாதியில விட்டாங்கன்னும் தெரியணும்."

பாணர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். இந்தத் தடவை முன்கூட்டி எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.