அந்த ஒன்றை மட்டும்

கம்ப்யூட்டருக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கைனாத் கேட்டதற்கு, சர்வர் இரண்டு பெயர்களைக் காட்டியது. ஒன்று அவளுடையது. இன்னொன்று, அவளுக்கு முன் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபராஜ். அவள் தன் கையாலேயே அழித்த கணக்கு அது. வெளியிலிருந்து எவனாவது நுழைந்திருப்பானோ என்று தேடினாள். இல்லை. இதே மேசை, இதே கீபோர்டு என்றது திரை.

2007 ஐப்பசி. செம்பாக்கத்தில் அந்த ஸ்கேன் சென்டரின் மாடியறையில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் ஏரித் தண்ணீர் ரோடு வரைக்கும் ஏறியிருக்க, ஏசியின் உறுமலுக்கு அடியில், சுவரில் ஊறிய ஈரத்தின் வாடையோடு நாள்கணக்கில் மாற்றாத சட்டையின் வியர்வை நாற்றமும் கலந்து மெல்ல மெல்ல அவள் தோள்பக்கம் வந்து நின்றது.

போன் அடித்தது. டாக்டர் ஸ்ரீநிவாசராகவன், சென்டரின் முதலாளி.

“கைனாத், புது ஸ்கேன் மெஷினுக்கு சர்வர்ல ஏதோ ஒரு லைப்ரரி ஃபைல் பழசா இருக்காமே. அந்த ஒண்ணை மட்டும் புதுசாக்கிடும்மா. கீழே பதினோரு பேஷண்ட் உட்கார்ந்திருக்காங்க.”

“முடியாது சார். அந்த ஒண்ணை நம்பித்தான் மத்த நானூறு புரோகிராமும் ஓடுது. அதை மட்டும் மாத்தினா எல்லாம் படுத்துடும். போட்டா மொத்தமா போடணும். ஒரு மணி நேரம் ஆகும்.”

“ஜெபராஜ் இருந்திருந்தா இப்படிப் பேசமாட்டான்.”

“பேசியிருந்தா இருந்திருப்பார் சார்.”

போனை வைத்தாள்.

போன டிசம்பரிலும் இதே அவசரம்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒன்றை மட்டும் மாற்றினார் ஜெபராஜ். அடுத்த நொடியே, சர்வரை இயக்கும் லினக்ஸில் எதுவும் ஓடவில்லை. பழையபடி ஆக்குவதற்கான கட்டளைகூட ஓடவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் போராடியவர், நாலாம் நாள் காலை இதே நாற்காலியில், விரல்கள் கீபோர்டின்மேல் விறைத்திருக்க, செத்துக் கிடந்தார். முதலில் பார்த்தது கைனாத்தான்.

எல்லாவற்றையும் ஏற்கெனவே இறக்கிவைத்து, பேக்கப்பும் எடுத்திருந்தாள். முழு அப்கிரேடுக்கான கட்டளையைக் கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேக்கேஜ். தொடரலாமா என்று கேட்டது சர்வர். ஆம் என்று தட்டினாள்.

இல்லை என்று விழுந்தது.

மறுபடியும் கட்டளை. மறுபடியும் இல்லை.

குனிந்து பார்த்தாள். தட்டியது அவளுடைய வலது கை. அவள் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. நிதானமாக, பழகிய விரல்களாக, அந்த ஒரு லைப்ரரியின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தது.

“விடுங்க ஜெபராஜ் அண்ணா,” என்றாள். “உங்களை மிரட்டின மாதிரி என்னை யாரும் மிரட்ட முடியாது. நீங்களும்தான்.”

இடது கையால் வலது கையைப் பிடுங்கித் தொடைக்கடியில் திணித்து, அதன்மேல் அழுந்தி உட்கார்ந்தாள். அது துள்ளியது. சுரிதார் கிழிந்தது. நகங்கள் சதையில் இறங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் எல்லாவற்றையும் அழித்தாள். மறுபடியும் அதே கட்டளை.

ஆம்.

என்டர்.

ஓடத் தொடங்கியது. நூறு. போன் அடித்து ஓய்ந்தது. இருநூறு. தொடையில் சூடாக ஏதோ வழிந்தது. அவள் எழவில்லை. நானூறு. நானூற்றுப் பன்னிரண்டு.

ஒரு பிழையும் இல்லை.

ரீபூட் கொடுத்தாள். திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் ஒரு முகம். இடது பாதி அவளுடையது. வலது பாதியில் மழிக்காத, நீலம் பாரித்த கன்னம்.

கண்ணைச் சிமிட்டினாள்.

ஒரு கண்தான் சிமிட்டியது.

“மொத்தமா ஏத்திட்டேன்,” என்றாள் அதனிடம். உதட்டின் ஒரு பாதிதான் அசைந்தது. மறு பாதி, மெதுவாக, சிரித்தது.

அவள் பார்வையை விலக்கவில்லை.

அதுவும்.