நோராவின் அம்மா தண்ணீரில் இறங்கினார்

நோராவின் அம்மா ஆஞ்சலாவைப் போலத் தண்ணீருக்குப் பயந்தவர் ஆஸ்டின் டவுனிலேயே இருந்திருக்க மாட்டார். அல்சூர் ஏரியை ஒட்டி பஸ் போனால், ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார்.

அதனால்தான் கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று நோரா கேட்டபோது, முடியவே முடியாது என்றுவிட்டார். நோரா கெஞ்சினாள். சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அந்த அடம் மாலை பஜ்ஜி வரைக்கும்தான் தாங்கியது. அப்பா லாயிட்டைத் தூது அனுப்பினாள். கடைசியில் அம்மா இறங்கி வந்தார்.

"சரி. ஆனா நானும் வருவேன்."

கரையில் உட்கார்ந்து பார்ப்பார் என்றுதான் நோரா நினைத்தாள். அம்மாவோ முதல் நாளே பயிற்சியாளர் ரூபினி மிஸ்ஸிடம் போய், தனக்கும் நீச்சல் கற்றுத்தரச் சொன்னார்.

"இவளுக்கு உள்ள ஏதாவது ஒண்ணுன்னா, நான் மேல நின்னு கத்திக்கிட்டா இருக்க முடியும் மிஸ்?"

நீச்சல் குளத்தின் ஒரு முனையில் தண்ணீர் இடுப்பளவுக்குத்தான். அங்கே ஆறு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே, ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு அம்மா நின்றார். இரண்டு கைகளும் ஓரக் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. மூச்சை அடக்கி முகத்தை உள்ளே விடச் சொன்னார் ரூபினி மிஸ். பொடிசுகள் முங்கி எழுந்தன. அம்மாவின் மூக்கு நுனிகூட நனையவில்லை.

நோரா சீக்கிரமே கற்றுக்கொண்டாள். ஆழமான பக்கத்துக் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஷ்ரேயாஸ், அம்மாவைக் காட்டிச் சிரித்தான்.

"உங்க மம்மி அந்தக் கம்பிய வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுவாங்க போல."

நோராவுக்குக் காது சூடானது. அது யாரோ என்பதுபோல இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பிறகு அம்மாவைப் பார்த்தாள். இன்னும் கம்பியைப் பிடித்தபடிதான் நின்றார். ஆனாலும் அவர் வெளியே ஏறிப் போகவில்லை.

இன்னொன்றையும் நோரா கவனித்தாள். குனியச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் கண்கள் அவளைத்தான் தேடின. தான் முங்கியிருக்கும் நேரத்தில் மகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை அவருக்கு!

பொடிசுகள் பக்கம் கொஞ்ச நாள் போகட்டுமா என்று நோரா மிஸ்ஸிடம் கேட்டாள். மற்றவர்கள் உயரப் பலகையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கப் பழகுவார்கள், நீ பின்தங்கிவிடுவாய் என்றார் மிஸ். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனாள்.

"நான் இங்கதான் இருக்கேன் மம்மி. உள்ள போய் கண்ணத் திறந்து பாரு, நான் தெரிவேன்."

இருவரும் கைகோத்துக்கொண்டு முங்கினார்கள். தண்ணீருக்குள் நோரா கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டிக் காட்டினாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே எழுந்தார். மகளைத் திட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே மறுபடி முங்கினார். கம்பியை விட்டது அவருக்கே தெரியவில்லை.

அதன்பின் மிதந்தார், காலை உதைத்தார். அவர் உதைத்த உதையில் வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வகுப்பின் கடைசி நாளில் எல்லோருடைய வீட்டாரும் கரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பலகையேறக் கடைசியாகப் பழகியவள் நோராதான். மூச்சை இழுத்துக் குதித்தாள். கீழே, இன்னும் கீழே போய் மெல்ல மேலே வந்தாள்.

அதற்குள் பக்கத்தில் தொபீர் என்று ஒரு சத்தம். ஊதாத் தொப்பி ஒன்று, தண்ணீரை நாலாபுறமும் வாரி இறைத்துக்கொண்டு, ஆழத்துக்கு நடுவே அவளை நோக்கி வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே மம்மி."

"தெரியும்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீ மேல வர்றதுக்கு லேட்டாச்சு."

இருவரும் நீந்திப் போய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஷ்ரேயாஸ் வாயைப் பிளந்தபடி, தன் கண்ணையே நம்பாமல் அது யார் என்று கேட்டான்.

"எங்க மம்மி," என்றாள் நோரா, கரையில் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.